ஓடாத வேனும் உறுப்பினர் காசும்

பெஸ்தாரி ஜெயாவாகட்டும், புக்கிட் ரோத்தானாகட்டும், சந்தாக் காசில் வாங்கிய வேன் லயத்தோரம் துருப்பிடித்து நின்றால் நட்டம் யாருக்கு? தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குப் போக வாடகைக் காருக்குக் காசு அழும் நோயாளிக்குத்தான்!

பழுது பார்ப்பதா, விற்பதா, பழைய இரும்புக்குப் போடுவதா? கமிட்டியில் நாலு பேர் மட்டும் தீர்மானிக்கும் காரியமல்ல இது, பொதுக்கூட்டத்தைக் கூட்டுங்கள். அதற்கு முன் இரண்டு பட்டறைகளில் செலவுக் கணக்கை எழுதி வாங்குங்கள். இஞ்சின் கோளாறென்றால் யோசிக்கலாம். அடிச்சட்டமே அரித்திருந்தால், தோழர்களே, அதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

விற்றால் பெயரை மாற்றுங்கள். உடைத்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை ரத்துச் செய்யுங்கள். சாவியை மட்டும் கொடுத்தால் வண்டி ஏட்டில் நம் பெயரிலேயே இருக்கும். சும்மா விட்டாலோ, மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. விற்ற காசு அன்றே ரசீதுடன் கணக்கில் ஏறட்டும்.