சந்தை கைவிட்ட மருந்து

‘இந்த ஆய்வால் உடனடிப் பயன் என்ன?’ அறிவியலுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் இன்று முதலில் எழுப்பும் கேள்வி இதுதான். வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால், பயனை யார் அளப்பது, எந்த அளவுகோலால் அளப்பது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உடலில் உள்ள அமினோ அமிலங்களைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் சிறு மாற்றம் கொண்ட செயற்கை மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் உருவாக்குகின்றனர். அசல் என்று ஏற்றுக்கொள்ளும் நொதி, அதனாலேயே முடங்கிவிடும். அப்போது உயிரணுவில் எந்தப் பணி தடைபடுகிறது என்று பார்த்தால், அந்த நொதியின் பங்கு விளங்கும். பூட்டைப் புரிந்துகொள்ளச் செய்யப்படும் போலிச் சாவி இது.

1970-களின் பிற்பகுதியில், ஆர்னிதைன் என்ற அமினோ அமிலத்தில் இரு ஃபுளோரின் அணுக்கள் கொண்ட தொகுதியைச் சேர்த்து அப்படியொரு மூலக்கூறு உருவாக்கப்பட்டது. அதுவே எஃப்லோர்னிதின். உயிரணுப் பெருக்கத்துக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கும் அதனைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்த முயன்றபோது, எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1980-இல்தான் திருப்பம் நேர்ந்தது: ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ஒட்டுண்ணி தொற்றிய எலிகளை அது குணமாக்கியது. மனித உயிரணு முடங்கிய நொதிக்குப் பதில் விரைவில் புதியதை ஆக்கிக்கொள்ளும்; ஒட்டுண்ணியால் அவ்வளவு விரைவாக முடியாது.

செட்சி ஈயால் பரவும் இந்நோய் முற்றினால் அதுவரை இருந்த மருந்து ஆர்சனிக் சேர்ந்த மெலர்சோப்ரால். அதைப் பெற்றவர்களில் நூற்றுக்கு ஐவர் அம்மருந்தாலேயே இறந்தனர். நினைவிழந்தவர்களையும் எழுப்பிய எஃப்லோர்னிதினுக்கு 1990-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆயினும், சில ஆண்டுகளிலேயே லாபமில்லை என்று அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 2000-இல் அதே வேதிப்பொருள், பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் களிம்பாகச் சந்தைக்கு வந்தது!

தமிழில் ‘தேவை’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பொருளாதாரப் பாடநூலில், வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பமே தேவை. பல்லாண்டுகள் அதைக் கற்பித்தவன் நான். காங்கோ கிராமத்து நோயாளிக்கு இருந்தது உயிரின் தேவை. பாடநூலின்படி அது தேவையே அன்று. இதில் நிறுவனத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நட்டத்தில் இயங்கு என்று எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த முடியாது.

தீர்வு சந்தைக்கு வெளியிலிருந்து வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வலியுறுத்தலுக்குப் பின், 2001-இல் உலக சுகாதார அமைப்புடன் அவென்டிஸ் நிறுவனம் உடன்பாடு கண்டு, மருந்தை இலவசமாக வழங்க முன்வந்தது. 1998-இல் ஏறத்தாழ 40,000 ஆகப் பதிவான நோயாளிகளின் எண்ணிக்கை, 2018-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இலவச மருந்தும், ஊர் ஊராகச் சென்று நடத்திய பரிசோதனையும் இதற்குத் துணைநின்றன. 2023 டிசம்பரில் அதே மூலக்கூறு, குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

உடனடிப் பயன் என்ற சல்லடையில் இந்த மூலக்கூறு ஒருமுறையல்ல, இருமுறை கழிந்து போயிருக்கும். அடிப்படை ஆய்வுக்கு நிதி தருவது அரசின் கடமையில் பாதிதான். வாங்க வழியற்றவர்களுக்கான மருந்துக்கு முன்கூட்டியே கொள்முதல் உறுதி அளிப்பதும், நிறுவனம் கைவிட்டால் பொதுத்துறையில் அதைத் தயாரிக்க ஏற்பாடு செய்வதும் மறு பாதி. அதைச் செய்யாத நாட்டில், கண்டுபிடிப்பு ஆய்வகத்தில் இருக்கும். நோயாளி வெளியே காத்திருப்பார்.