சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வயர்



இம்மாதம் அடுப்படியை விட்டுச் சற்று வெளியே வந்து, வாசலில் நிற்கும் வாகனத்தின் பக்கம் போவோம். "அது ஆண்களின் வேலையல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த வாகனத்தில் பின் ஆசனத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவது நாம்தானே!

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். ராத்தாவின் மகனிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை நீடித்ததால், நம் நாட்டில் பல வீடுகளில் பழைய வாகனங்களுக்கே மீண்டும் மீண்டும் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. மருமகனும் அப்படித்தான் அந்தக் காரைப் பராமரித்து வந்தான். ஆனால் வாலிப வயது. இழுவையும் சத்தமும் கூடட்டும் என்று, கம்பனி பொருத்தியிருந்த வார்ப்பிரும்புப் புகைப்போக்கியைக் கழற்றிவிட்டு, 'ஹெடர்' எனப்படும் வளைந்த குழாய்த் தொகுதியைப் பூட்டினான்.

ஒரு நாள் உம்மாவைக் கண் கிளினிக்கிற்குக் காட்ட மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் புறப்பட்டோம். சமதரையில் கார் நன்றாகவே ஓடியது. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும் இயந்திரம் திக்கித் திக்கி இழுத்தது. பின்னால் 'படார் படார்' என்று வெடிச் சத்தம். சற்று நேரத்தில் பெற்றோல் வாடையும், கருகிய இறப்பர் வாடையும் ஒன்றாக வந்தன.

"சாச்சி, பயப்பட வேணாம். பிளக் வயர் ஒண்டு எரிஞ்சிட்டு போல" என்றான் சாதாரணமாக. மூன்று மாதத்தில் இரண்டு முறை புது வயர் போட்டானாம். இது மூன்றாவது! மழையில், வளைவின் ஓரத்தில், எழுபது கடந்த உம்மாவை இறக்கி நிறுத்திவிட்டு நின்றோம். அன்றைய கிளினிக் தவறிப்போனது. அதைவிடப் பெரிய ஆபத்தொன்று எங்களைத் தொடாமல் போயிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

வயரின் வேலை என்ன?

பெற்றோல் இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக் தீப்பொறி வைக்கிறது. பற்றரியில் இருப்பது 12 வோல்ட் மாத்திரமே. கொயில் அதனை 20,000 வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. அந்த மின்சாரத்தைப் பிளக்கிற்குக் கொண்டுபோவதுதான் பிளக் வயர். அதன் இறப்பர் உறை வெடித்துவிட்டால், மின்சாரம் பிளக்கிற்குப் போகாமல் பக்கத்திலிருக்கும் இரும்புக்குப் பாய்ந்துவிடும். அந்தச் சிலிண்டரின் பெற்றோல் எரியாமலே வெளியே போகும். சுடுகின்ற குழாய்க்குள் அது பற்றும்போதுதான் வெடிச் சத்தம் கேட்கிறது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் இப்படி? சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அந்த அமுக்கத்தில் பொறி தோன்றக் கூடுதல் வோல்ட் வேண்டும். மின்சாரமோ இலகுவான வழியைத் தேடும். காயமுள்ள வயர் சமதரையில் சமாளித்துவிட்டு, ஏற்றத்தில் கைவிடுவது இதனால்தான். ஈரம் இருந்தால் இன்னும் மோசம்.

குழாய் ஏன் சுடுகிறது?

மண்சட்டியையும் மெல்லிய அலுமினியச் சட்டியையும் அடுப்பில் வைத்துப் பாருங்கள். மெல்லியது எவ்வளவு விரைவாகச் சூடேறுகிறது! பழைய வார்ப்பிரும்புப் பகுதி தடிப்பானது. ஹெடர் குழாயின் தகடோ பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுதான். சுமையோடு ஏறும்போது அதன் மேற்பரப்பு 400 பாகை செல்சியஸையும் தாண்டலாம். நல்ல சிலிக்கன் இறப்பர் வயரே சுமார் 200 பாகையைத்தான் தாங்கும். சாதாரண இறப்பர் அதற்கும் முன்பே இறுகி வெடித்துவிடும்.

வயர் குழாயில் பட வேண்டுமென்றும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் தொடாமலே சுடுகிறதல்லவா? அதே கதைதான். அத்துடன், குழாய்கள் வளைந்து வளைந்து பிளக்கின் அருகாலேயே போவதால், வயரின் நுனியில் இருக்கும் இறப்பர்த் தொப்பிதான் முதலில் பலியாகும்.

எல்லா வாகனத்திலும் இந்தத் தொல்லை கிடையாது. நம் வீதிகளில் இன்றும் காணும் மொறிஸ் மைனரில் பிளக்குகள் ஒரு பக்கம், புகைப்போக்கி மறுபக்கம். எனவே அதன் வயர்கள் தப்பித்துக்கொள்ளும். அமெரிக்காவின் வி-8 இயந்திரங்களில் இரு பக்கமும் பிளக்கும் புகைக்குழாயும் நெருங்கியே இருக்கின்றன. ஹெடர் பூட்டும் பழக்கமும் அங்கு மிகப் பழையது. அதனால் இதற்கான பரிகாரங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தன. புதிய கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் கொயில் இருப்பதால், இந்த நீள வயரே கிடையாது.

பாஸ் சொன்ன வைத்தியம்

காரை இழுத்துக்கொண்டு போன கராஜில் இருந்தவர் வயதான ஒரு பாஸ். இருட்டிய பின் இயந்திரத்தை ஓடவிட்டு, "கிட்ட வராமல் பாருங்க" என்றார். மூன்றாவது வயரின் தொப்பியிலிருந்து குழாய்க்கு நீலநிறப் பொறி பாய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உடல் சில்லிட்டது. பெற்றோல் ஆவி சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளக் கூடியது. ஒரு பெற்றோல் குழாய் இலேசாகக் கசிந்திருந்தால்...?

"தம்பி, வயர் மாத்தினது போதும். அது போற பாதைய மாத்துங்க" என்றார் பாஸ். அவர் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்:

1. வயர்களை ஒவ்வொன்றாகவே கழற்றினார். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் இடம் மாறிவிடும். நான்கு சிலிண்டர் இயந்திரங்களில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில்தான் பொறி விழவேண்டும். கழற்றும்போதும் வயரைப் பிடித்து இழுக்காமல், தொப்பியைப் பிடித்து மெதுவாகத் திருகி எடுத்தார்.

2. நேரான தொப்பிக்குப் பதிலாக வளைந்த தொப்பி உள்ள சிலிக்கன் வயர்களைத் தெரிந்தெடுத்தார். 45, 90 பாகை என்று பல வளைவுகளில் இவை உண்டு. குழாயை விட்டு விலகிப் போகும் வளைவே நமக்குத் தேவை.

3. ஒவ்வொரு வயரும் குழாயிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளிப் போகும்படி, பிரிப்பான்களில் கோர்த்து இயந்திரத்தோடு சேர்த்துப் பிடித்தார். காரின் உடலோடு கட்டவில்லை. ஓடும்போது இயந்திரம் அசையும். உடலோடு கட்டினால் வயர் இழுபடும். வயர் நீளமாக இருந்தால் தொங்கிக் குழாயில் விழும் என்பதால் நீளத்தையும் அளந்தே வாங்கினார்.

4. விலக்க முடியாத இடத்தில் தொப்பியின் மேல் கண்ணாடி நாரினால் பின்னிய உறையைப் போட்டார். இது சுமார் 500 பாகை வரை தாங்கும். பீங்கான் தொப்பிகளும் உண்டு, விலைதான் அதிகம்.

5. குழாய்க்கும் வயருக்கும் நடுவே ஒரு சிறு தகட்டு மறைப்பையும் வைத்தார்.

செய்யக் கூடாதவை

மருமகன் முன்பு வயரில் மின்சார டேப் சுற்றியிருந்தான். அது உருகி ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிளாஸ்டிக் கட்டு, துணி, ரேஷன் பையின் நூல் எதுவும் அந்தச் சூட்டுக்கு முன் நிற்காது. சிலர் குழாய் முழுவதையும் நார்ப்பட்டியால் சுற்றுவர். சூடு அடங்கும் என்பது உண்மை. ஆனால் நம் மழை நாட்டில் அந்தப் பட்டி ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்லிய குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெய் ஊறினால் தீயும் பிடிக்கும்.

நாம் கவனிக்க வேண்டியவை

காரில் போகும்போது கருகிய இறப்பர் வாடை, பெற்றோல் வாடை, ஏற்றத்தில் திக்கல், பின்னால் வெடிச் சத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும், "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று சொல்ல விடாதீர்கள். பொனட்டிலிருந்து புகை வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, முதலில் பிள்ளைகளையும் முதியோரையும் இறக்கித் தூரப் போங்கள். பொனட்டை அகலத் திறக்க வேண்டாம். காற்றுப் பட்டால் தீ வளரும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். இயந்திரம் ஓடும்போது வயரைத் தொடவே கூடாது. நின்ற பின்னும் ஹெடர் நெடுநேரம் சுடும். சிறுவர்களை எட்ட வைத்திருங்கள்.

செலவுக் கணக்கும் உண்டு. எரியாத பெற்றோல் வெளியேறினால், 2008 முதல் வருடாவருடம் நடக்கும் புகைப் பரிசோதனையிலும் வாகனம் தவறிவிடும். அது கிடைக்காமல் வருமான உத்தரவுப் பத்திரம் ஏது? மூன்று தொகுதி வயருக்கு மருமகன் கொடுத்த காசில், இந்த வேலையை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

உங்கள் மகனோ தம்பியோ வாகனத்தில் புதுக் குழாய் பூட்டப் போவதாகச் சொன்னால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "பிளக் வயர் எந்தப் பக்கத்தால போகுது?" அவனுக்குப் பதில் தெரியாவிட்டால், அந்த வாகனத்தில் உம்மாவை ஏற்ற வேண்டாம்.

எங்கள் உம்மா அடுத்த மாதமே அதே காரில் அதே ஏற்றத்தைக் கடந்து கிளினிக் போய் வந்தார். இம்முறை கார் ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஆனாலும் உம்மா கடுகண்ணாவை முடியும்வரை மூக்கை உறிஞ்சி வாடை பார்த்துக்கொண்டே வந்தார்!