நாய்க்கு டீ, காபி ஊற்றலாமா?

''தோட்டக் காவலுக்குப் பெரிய நாய் ஒன்றும், மூன்று மாதக் குட்டி ஒன்றும் வளர்க்கிறோம். மீதமாகும் டீ, காபியைத் தினமும் அவற்றின் தட்டில் ஊற்றுவது வழக்கம். போன வாரம், ரோஜாச் செடிக்குப் போட்ட காபித்தூள் சக்கையைக் குட்டி தின்றுவிட்டது. வாந்தி எடுத்து, ராத்திரி முழுக்க நடுங்கியது. காபிதான் காரணமா?''

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், காபிதான் காரணமாக இருக்கும். நல்லகாலம், குட்டி பிழைத்துக்கொண்டது.

காபி, டீ இரண்டிலும் காஃபீன் இருக்கிறது. நாயின் உடல் எடையில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் காஃபீன் உள்ளே போனாலே வாந்தி, பேதி, நிலைகொள்ளாத ஓட்டம் தொடங்கிவிடும். 40-50 மில்லிகிராமில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். 60-ஐத் தொட்டால் வலிப்பு வரும். உயிரும் போகலாம்.

ஒரு டம்ளர் டீயில் சுமார் 40 மில்லிகிராம் இருக்கும். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு, அது கிலோவுக்கு 2 மில்லிகிராம்தான். உடனே ஆபத்து இல்லை. அதற்காக ஊற்றுங்கள் என்று சொல்லவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தாலாவது வயிறு நிறையும். குட்டிக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம்.

உண்மையான ஆபத்து தூளில்தான். சிக்கரி கலக்காத காபித்தூளில், கிராமுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாமல் காஃபீன் உண்டு. 3 கிலோ குட்டி, 20 கிராம் தூளைத் தின்றாலே வலிப்பு வரும் அளவை எட்டிவிடும். டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையிலும் காஃபீன் மிச்சம் இருக்கும். டீத்தூள் சக்கையில் பாலும் சர்க்கரையும் ஊறியிருப்பதால், நாய் தேடிப்போய்த் தின்னும். உழவு ஓட்ட வருபவர்கள் பாதி குடித்துவிட்டு வரப்பில் போடும் 'எனர்ஜி டிரிங்க்' டின்னையும் கவனியுங்கள்.

தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் அறிகுறி தெரியும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. விடியட்டும் என்று காத்திருக்காமல், எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்ற விவரத்துடன் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி எடுக்கட்டும் என்று உப்புக் கரைசலை ஊற்றாதீர்கள். உப்பே விஷமாகிவிடும். நடுங்கும் நாய்க்கு வாய்வழியாக எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம். சிறுநீரில் இறங்கும் காஃபீன், சிறுநீர்ப்பையிலேயே தங்கினால் மறுபடியும் ரத்தத்தில் கலக்கும். அதனால், தெளிந்து நடக்கும் நாயை அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க விடுங்கள்.

ரோஜாவுக்குச் சக்கை போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. மேலே தூவாமல், மூடிபோட்ட தொட்டியில் மட்கவைத்து, மண்ணைக் கிளறி உள்ளே புதைத்துவிடுங்கள்.