ஒன்பது நாளே ஜாஸ்தியாம்!

எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. காரணம், பிரான்ஸ் நாட்டில் நடக்கும் சைக்கிள் பந்தயம்! சிரிக்காதீர்கள்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள், 'டூர் டி பிரான்ஸ்' பெண்கள் பந்தயத்தை செல்போனில் போட்டுக் காட்டினாள். 2025-ல் நடந்தது. ஒன்பது நாளில் 1,100 கிலோ மீட்டருக்கு மேல். தினமும் ஒரு ஊரில் ஆரம்பித்து இன்னோர் ஊரில் முடிப்பார்கள். எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைச்சலோ அவருக்கே பரிசு. கடைசி இரண்டு நாளும் ஆல்ப்ஸ் மலை. அந்த இரண்டு நாளும் முதலாவதாக வந்து பட்டம் வாங்கியவர், பாலின் பெரான் பிரெவோ என்ற 33 வயது பிரான்ஸ் நாட்டுப் பெண்.

எட்டிப் பார்த்த என் கணவர், "ஆம்பளைங்க 21 நாள் ஓட்டுறாங்க. பொம்பளைங்களுக்கு 9 நாளே ஜாஸ்தி. உடம்பு தாங்க வேணாமா?" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

மகள் தேடிப் பிடித்துச் சொன்னாள். 1984-லேயே இந்தப் பந்தயம் பெண்களுக்கு நடந்திருக்கிறது. ஒன்பது இல்லை, 18 கட்டம்! ஆண்கள் போன அதே சாலை, அதே மலை, தூரம் மட்டும் கொஞ்சம் குறைவு. பெண்கள் ஓட்டி முடித்து சில மணி நேரம் கழித்து ஆண்கள் வருவார்களாம். ஜெயித்தது அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். அவர் கைக்கு வந்தது சுமார் 1,000 டாலர். அதே வருஷம் ஆண்களில் ஜெயித்தவருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். இது எந்த ஊர் நியாயம்?

1989-ல் ஜானி லோங்கோ மூன்றாவது தடவை ஜெயித்ததோடு சரி, நிறுத்தி விட்டார்கள். அப்புறம் வேறு ஆட்கள் வேறு பெயரில் நடத்திப் பார்த்து, அதுவும் 2009-ல் நின்று போச்சு. பழையபடி ஆரம்பித்தது 2022-ல். நடுவில் 33 வருஷம்! 18 கட்டத்தை உடம்பு தாங்கிச்சு. செலவு பண்ணத்தான் மனசு வரலை.

2022-ல் ஜெயித்த அன்னமீக் வான் புளூட்டனுக்கு அப்போது வயது 39. ஆரம்பத்திலேயே வயிற்றுக் கோளாறு, சாப்பிட முடியாமல் ஊருக்குத் திரும்புகிற நிலைமை. கடைசி இரண்டு நாள் மலையில் அவரே முதல். எனக்கு 37. மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குது. 2024-ல் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் வெறும் 4 விநாடி. நம்ம குக்கர் ஒரு விசில் அடித்து ஓயும் நேரம்கூட இல்லை!

ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் லிஸி டீக்னன் 2018-ல் பிள்ளை பெற்று, அடுத்த வருஷமே திரும்ப வந்து அவர் நாட்டுப் பெண்கள் தொடர் பந்தயத்தில் ஜெயித்தார். 2020 முதல், பெரிய அணிகள் வீராங்கனைகளுக்குப் பேறுகால விடுப்பு தரணும் என்று விதி. மூன்று மாதம் முழுச் சம்பளம், அடுத்த ஐந்து மாதம் பாதி. படித்ததும் மனசு குளிர்ந்தது.

ஆனால் பரிசுப் பணம்? 2025-ல் பெண்ணுக்கு 50,000 யூரோ, ஆணுக்கு 5 லட்சம். நான் பத்தாவது வரைதான் படித்தவள். பால் கணக்கு போடுகிற நோட்டில் போட்டுப் பார்த்தேன். 21 நாளைக்கு 5 லட்சம் என்றால், 9 நாளைக்கு 2 லட்சத்துக்கு மேல் வரணுமா இல்லையா? நாள் குறைச்சல் என்று சொல்லி கூலியை நாலில் ஒரு பங்காக்கினால் எப்படி? 21 நாள் இப்போதே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எட்டாக இருந்தது 2025-ல் ஒன்பது ஆச்சு, மெள்ளக் கூடட்டும். கணக்காவது சரியாக இருக்கட்டும்.

"பார்க்க ஆள் இருந்தாத்தானே விளம்பரம் வரும், பணம் வரும்?" என்றார் இவர். 33 வருஷம் காட்டாமலே வைத்திருந்தால் பார்க்க ஆள் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "சரி சரி, காபி கொண்டா" என்றார். கொடுத்தேன். பதில் மட்டும் இன்னும் வரலை.

உங்கள் வீட்டுக்காரர்களிடமும் கேட்டுப் பாருங்களேன். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர்.