மெட்டில்லாத வீணைக்கு ஒரு நாள்

ஸ்டீல் கிட்டாருக்கென்று அமெரிக்காவில் மாநாடே கூட்டுகிறார்கள். தந்தியில் கட்டையை வழுக்கி வாசிக்கும் அதே வித்தைதான், மெட்டில்லாத வீணையான நம் கோட்டுவாத்தியமும். திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரியும் வாசித்த கருவி. அதற்கு நம் பக்கத்தில் ஒரு கூடல் வேண்டாமா? நடனத்துக்குச் சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி நடக்கிறது, நல்லதுதான். கோட்டுவாத்தியத்துக்கும் பக்கத்திலேயே இடம் உண்டு. வீணையில் வல்லவர் என்று சொல்லப்படும் ராகவேந்திரர் பிறந்த புவனகிரியிலிருந்து பஸ் ஏறினால் அண்ணாமலை நகர் பக்கம்தான். அங்கே 1929-இல் ராஜா அண்ணாமலை செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாளைக் கோட்டுவாத்தியத்துக்கு ஒதுக்கலாமே! அப்படி ஒரு நாள் அமைந்தால், முதன்முறை கேட்க வருபவர்கள் பின்வரிசைக்குப் போகாதீர்கள். மெட்டு இல்லாததால், கருங்காலிக் கட்டை மயிரிழை பிசகினாலும் சுருதி போய்விடும். வித்வானின் இடது கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.