சங்கத்து லாரியும் எஞ்சின் எண்ணெயும்

சங்கத்து லாரிக்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்பது நிர்வாகக் குழுவின் ஆலோசனைக்குரிய பொருளா என்று அங்கத்தினர்களிற் சிலர் கேட்கக்கூடும். டிரைவரும் மெக்கானிக்கும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியத்தில் தலைவருக்கும் செயலாளருக்கும் என்ன வேலை என்பது பொதுவான எண்ணம். சில ஆண்டுகளுக்கு முன்வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்துக்குரிய விலையை மஞ்சள் பயிரிடுவோர் சங்கமொன்று கொடுக்க நேர்ந்தது. அதில் நமக்கும் பங்கு உண்டாதலின், அதனை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பிறகு பொருளுக்கு வருவோம்.

அச்சங்கம் அங்கத்தினர்களின் மஞ்சள் மூட்டைகளை ஈரோட்டுச் சந்தைக்குக் கொண்டுசெல்லப் பழைய லாரி ஒன்றை வைத்திருக்கிறது. ஓர் ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது, எஞ்சின் எண்ணெய் வாங்கியதில் மிகக் குறைந்த விலைப்புள்ளியை விட்டு அதற்கு மேற்பட்டதை ஏற்றிருந்ததைக் கண்டோம். காரணம் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. விதிப்படி ஆட்சேபக் குறிப்பு எழுதினோம். மறு ஆண்டு சங்கம் நமது குறிப்புக்குக் கட்டுப்பட்டு, லிட்டருக்கு எவர் குறைவாகச் சொன்னாரோ அவரிடமே வாங்கியது. மாசி மாதம், வரத்து மிகுந்திருந்த சமயத்தில், லாரி பாதி வழியில் நின்றது. பட்டறையில் எஞ்சினைப் பிரித்தபோது கிராங்க் பியரிங்குகள் தேய்ந்து நிறம் மாறியிருந்தன. எண்ணெய் ஓடும் துளைகளில் கரிய மெழுகு போன்ற கசடு அடைத்திருந்தது. ஆறு வாரம் லாரி பட்டறையிலேயே கிடந்தது. அத்தனை நாளும் மூட்டைகள் வாடகை வண்டியில் போயின. வாடகை அங்கத்தினர் கணக்கில் பிடிக்கப்பட்டது.

காற்று வடிகட்டியும் கிழிந்திருந்தது என்று மெக்கானிக் சொன்னார். ஆகவே குற்றம் முழுவதையும் எண்ணெயின் தலையில் சுமத்துவது முறையன்று. எனினும் சங்கம் கேட்டிருந்த விலைப்புள்ளியில் "எஞ்சின் ஆயில், லிட்டர் ஒன்றுக்கு" என்ற சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. தரம் என்ன, வகுப்பு என்ன என்று கேட்கத் தெரியாத இடத்தில் விலை ஒன்றைத் தவிர எதனை ஒப்பிட இயலும்? நமது குறிப்பும் விலையை மட்டுமே ஒப்பிட்டது.

இப்போது அதே சங்கங்களின் வாயிலில் வேறு வகை வியாபாரிகள் வந்து நிற்கிறார்கள். சிந்தடிக் எண்ணெய் ஊற்றினால் எஞ்சினுக்கு ஆயுள் கூடும், டீசல் மிச்சமாகும், எண்ணெய் மாற்றும் செலவு பாதியாகும் என்கிறார்கள். விலை இரு மடங்கு. வாங்கலாமா என்று சென்ற சில மாதங்களில் மூன்று நான்கு சங்கங்களில் நம்மைக் கேட்டார்கள். கேட்டவர்களிற் பெரும்பாலோர்க்கு நமது விடை வேண்டாம் என்பதே. ஆனால் எல்லோர்க்கும் அன்று.

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. சாதாரண மினரல் எண்ணெய் கச்சா எண்ணெயிலிருந்து காய்ச்சிப் பிரித்துச் சுத்திகரிக்கப்படுவது. சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையிலும் இதற்கான மூல எண்ணெய் உற்பத்தியாகிறது. அதில் நீண்ட அணுக்கூட்டமும் குட்டையானதும், மெழுகும் கந்தகமும், ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். கார்டட் நூலில் குட்டை இழைகள் கலந்திருப்பது போல என்று கொள்ளலாம். ஹைட்ரஜனைக் கொண்டு மேலும் பதப்படுத்தினால் குறைகள் நீங்கிக் கோம்டு நூலைப் போல் சீராகும். முழுச் செயற்கை எண்ணெயோ, சிறு வாயு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரே அளவாகக் கட்டப்பட்டது. அது மில்லில் இழுக்கப்படும் பிலமெண்ட் இழைக்கு ஒப்பு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலியத் தட்டுப்பாட்டாலும் ருஷ்யக் குளிராலும் இடர்ப்பட்ட ஜெர்மனியில் இவ்வகை எண்ணெய்களுக்கான ஆராய்ச்சி வேகம் பெற்றது.

இதில் அங்கத்தினர்கள் அறியவேண்டிய ஒரு சங்கதி உண்டு. கேனின்மேல் சிந்தடிக் என்று அச்சிட்டிருப்பதெல்லாம் அந்தப் பிலமெண்ட் வகை அன்று. நன்றாகப் பதப்படுத்திய மினரல் எண்ணெயையும் அப்பெயரால் விற்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகளுக்கிடையே வழக்கெழுந்து, விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் விற்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. அதுமுதல் கோம்டு நூலும் பிலமெண்ட் என்ற பெயரிலேயே பல நாடுகளில் கடைக்கு வருகிறது. மோசமான சரக்கு என்று சொல்லவில்லை. பெயரைக் கண்டு விலை கொடுப்பவர் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மேலும், நூல் மட்டுமே பாவு ஆகிவிடாது. கஞ்சி பிடிக்க வேண்டும். டீசல் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூட்டுமருந்துகள். கரியைத் திரளவிடாமல் மிதக்க வைப்பது, எரிபொருளில் உண்டாகும் அமிலத்தை முறிப்பது, இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது ஆகிய வேலைகளைப் பெரும்பாலும் இவைகளே செய்கின்றன. இந்தக் கஞ்சியின் தரத்தைத்தான் ஏ.பி.ஐ. வகுப்பு சொல்லுகிறது. டீசலுக்குரிய வகுப்புகள் "சி" என்ற எழுத்தில் தொடங்கும். சி.எப்-4 பழையது. 1998-ல் சி.எச்-4, 2002-ல் சி.ஐ-4, 2006-ல் சி.ஜே-4, 2016-ன் இறுதியில் சி.கே-4 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாம் பார்த்த வரையில், நிர்வாகக் குழுக்கள் மினரலா சிந்தடிக்கா என்று ஒரு மணி நேரம் வாதிக்கின்றன. வகுப்பை ஒரு நிமிடமும் பார்ப்பதில்லை. பழைய வகுப்புச் சிந்தடிக்கைக் காட்டிலும் வண்டிக்கேற்ற வகுப்பில் உள்ள மினரல் எண்ணெய் மேலானது.

அடுத்தது 15டபிள்யூ-40 என்பது போன்ற எண். முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைக் குறிக்கும். 15 என்பது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் சோதிக்கப்படுவது, 5 என்பது கீழே 30 டிகிரியில். சிந்தடிக்கின் பெருமையில் பாதி இந்தக் குளிர்காலத் தொடக்கத்தைப் பற்றியது. லடாக்கில் ஓடும் லாரிக்கு அது உயிர். உதகையிலேயே கடுங்குளிர் இரவில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இறங்குகிறது என்றால், பவானிக்கும் சென்னிமலைக்கும் இடையே ஓடும் வண்டிக்கு இதனால் ஆவதென்ன? நமது சமவெளியில் அந்தப் பெருமைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெப்பத்தின் பக்கம் பார்த்தால் நிலைமை வேறு. எண்ணெயின் சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அது காற்றோடு கலந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. தாளவாடியிலிருந்து காய்கறி ஏற்றிவரும் வண்டி, திரும்பும்போது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சுமையோடு ஏறினால், எண்ணெய் சம்ப்பிலும் டர்போவிலும் படும் பாடு சமவெளி வண்டிக்கு இல்லை. இங்கே சிந்தடிக் உண்மையில் தாங்கும். ஆவியாகிக் குறைவதும் கசடு பிடிப்பதும் குறைவு. மலையேறி வந்தவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடாமல் ஓரிரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு டர்போவை ஆறவைக்கும் டிரைவர், காசு செலவில்லாமலே அந்தப் பயனில் ஒரு பகுதியைச் சங்கத்துக்குச் சேர்த்துவிடுகிறார் என்பதையும் சொல்லவேண்டும்.

டீசல் மிச்சம் என்ற வாக்கு எப்படி? எண்ணெய் இளகியதாக இருப்பதால் வரும் மிச்சம் அது. செயற்கையானது என்பதால் வருவதன்று. அதே 15டபிள்யூ-40 தரத்தில் மினரலுக்குப் பதில் சிந்தடிக் ஊற்றினால் டீசல் கணக்கில் காணத்தக்க வேற்றுமை எழாது. இளகிய எண்ணெயைப் பழைய, தேய்ந்த எஞ்சினில் ஊற்றுவதோ ஆபத்து.

இனிக் கணக்கு. விலைகளை உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். சம்ப்பில் 15 லிட்டர் கொள்ளும் லாரி. மினரல் லிட்டர் ரூ. 300, சிந்தடிக் ரூ. 600, ஆயில் பில்டர் ரூ. 700. ஒரு முறை மாற்ற மினரலுக்கு ரூ. 5,200; சிந்தடிக்குக்கு ரூ. 9,700. முன்னது 20,000 கிலோமீட்டரும் பின்னது 36,000 கிலோமீட்டரும் தாங்கும் என்று கொண்டால், கிலோமீட்டருக்கு 26 பைசாவும் 27 பைசாவும் ஆகின்றன. ஆண்டுக்கு 90,000 கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலை லாரிக்கு இது சமமே. பட்டறையில் நிற்கும் நாள் குறைவதால் சிந்தடிக்கே லாபம் என்றும் சொல்லலாம். புது லாரியின் கைப்புத்தகம் இளகிய எண்ணெயை அனுமதித்து, டீசல் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலும், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் அவ்வண்டிக்கு ஆண்டில் 225 லிட்டர் மிச்சம்.

ஆனால் நமது சங்கத்து லாரிகள் எவ்வளவு ஓடுகின்றன? டிரிப் ஷீட்டுகளைப் புரட்டிய அனுபவத்தில் சொல்கிறோம்: அறுவடைக் காலத்தில் இரவு பகலாகவும், மற்ற மாதங்களில் வாரம் இருமுறையாகவும் ஓடி, ஆண்டில் 18,000 கிலோமீட்டரைத் தொடுவது பல வண்டிகளுக்கு அரிது. நின்று கிடக்கும் வண்டியிலும் எண்ணெய் கெடும். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறாமல் டீசலும் நீரும் எண்ணெயில் சேரும். கரியும் தூசும் மினரல், சிந்தடிக் என்று பேதம் பார்ப்பதில்லை. அதனால்தான் கைப்புத்தகங்கள் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியதோ அது என்று விதிக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முறை எப்படியும் வடிக்க வேண்டிய எண்ணெய்க்கு ரூ. 5,200 கொடுப்பதா, ரூ. 9,700 கொடுப்பதா? பாதி உழைப்போடு வடித்து ஊற்றுவதற்காக அங்கத்தினர் பணத்தை இரட்டிப்பாகச் செலவிடுவதில் நமக்குச் சம்மதமில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ் 6 லாரிகளின் விஷயம் தனியானது. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரி அவ்வப்போது எரிந்துபோகும். எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். சி.ஜே-4, சி.கே-4 வகுப்புகளில் இந்தச் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படக் கூடாதென வரம்பு இருக்கிறது. சிந்தடிக் என்ற சொல்லோ சாம்பலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புது லாரி வாங்கிய சங்கம், பழைய லாரிக்கு வாங்கிய பீப்பாயில் மிஞ்சியதை அதில் ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். வடிகட்டி மாற்றும் பில் வரும்போதுதான் உண்மை விளங்கும்.

பழைய வண்டிக்குச் சிந்தடிக் ஊற்றினால் சீல் சுருங்கி ஒழுகும் என்று மெக்கானிக்குகள் சொல்வது ஆரம்ப கால எண்ணெய்களைப் பற்றிய பேச்சு. இன்று அந்த அச்சம் பெரும்பாலும் தேவையில்லை.

எண்ணெய் வாங்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலைப்புள்ளி கேட்கும்போது எஸ்.ஏ.இ. எண், ஏ.பி.ஐ. வகுப்பு, சீல் வைத்த கேன் ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டால், அவற்றுக்குட்பட்ட குறைந்த விலை எதுவோ அதனை எந்த ஆய்வாளரும் ஆட்சேபிக்க முடியாது. உதிரியாக அளந்து ஊற்றும் எண்ணெயைத் தொடவே கூடாது. காலிக் கேன்களைத் துளையிட்டுப் போடவேண்டும். முழுக் கேன் போலவே காலிக் கேனுக்கும் விலை கொடுப்பவர்கள் இருப்பது எதற்காக என்று எண்ணிப் பார்த்தால் போதும். வடித்த எண்ணெய் 2016-ம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே கொடுக்கப்பட வேண்டும். கதவுக் கீலுக்கும் வரப்புக் களைக்கும் ஊற்றுகிற பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கிணற்று நீரை அது என்ன செய்யும் என்பதை விவசாயிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. அந்த மஞ்சள் சங்கத்தின் டிரைவர், நமது பழைய ஆட்சேபத்துக்கு இலக்கான எண்ணெயின் காலிக் கேனை லாரியின் பெட்டியிலேயே வைத்திருந்தார். சென்ற ஆய்வின்போது அதை எடுத்துவந்து, 15டபிள்யூ-40, சி.ஐ-4 பிளஸ் என்று நம்மைப் படிக்கச் சொன்னார். சிந்தடிக் அன்று, சாதாரண மினரல்தான். நமது குறிப்பின் கீழே ஆட்சேபம் கைவிடப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அந்தத் தரத்தையும் வகுப்பையும் குறித்து விலைப்புள்ளி கேட்பதென நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. வரும் தை மாதம் மூட்டை வரத்துத் தொடங்குமுன் எண்ணெய் மாற்றப்படும்.