காருக்குள் இருப்பவர் யார் பொறுப்பு?



புதிதோ பழையதோ, ஒரு கார் வாங்கினால் அதை மந்திரித்துக்கொள்ளக் கோவிலுக்குக் கொண்டுவருவது நம் குடும்பங்களின் நல்ல வழக்கம். தீர்த்தம் தெளித்து முடிந்ததும், காப்பீடு எடுத்தாயிற்றா என்று நாம் வினவுவதுண்டு. "எல்லாம் இருக்கிறது, சாமி" என்பார்கள். என்ன காப்பீடு என்று கேட்டாலோ மௌனம்தான். போலீஸார் மறித்தால் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது என்பதே அதன் பொருள். அந்தத் தாள் யாரைக் காக்கிறது என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் 146-ஆம் பிரிவில், மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாமும் காப்பீட்டு நிறுவனமும் இரு தரப்பினர். நம் வண்டியால் அடிபடும் வழிப்போக்கர் மூன்றாம் நபர். அவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை, அது எவ்வளவாயினும், நிறுவனம் செலுத்தும். அவருடைய சுவரோ கடையோ இடிந்தால், கார் விஷயத்தில் ரூ.7,50,000 வரை கொடுக்கும். நம் காரின் நசுங்கிய கதவுக்கு இதில் ஒரு காசும் கிடையாது.

"அப்படியானால் நமக்கென்ன பயன்?" என்று முகஞ்சுளிப்போர், விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பார்களாக. குழியை மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கு ஈடு தரவேண்டும் என்கிறது அது. முட்டும் மாடென்று அறிந்தும் கட்டிவைக்காதவனுக்கோ இன்னும் கடுமையான தீர்ப்பு. சாலையில் ஓடும் கார் எந்த மாட்டினும் வலியதன்றோ? கூலிவேலைக்குச் சைக்கிளில் செல்லும் ஒருவரை நாம் இடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு இல்லையேல் வீட்டையோ நிலத்தையோ விற்றுத்தான் ஈடு செய்யவேண்டும். விற்க ஏதுமில்லையென்றால், அவருடைய பிள்ளைகள் தீர்ப்பு நகலை மட்டும் வைத்துக்கொண்டு அலைவார்கள். ஆகவே காப்பீட்டைப் புதுப்பிக்காமல் வண்டி ஓட்டுவது ரூ.2,000 அபராதத்தோடு முடியும் காரியமன்று. அது நீதிக்கு விரோதமான பாவம் என்றே நாம் கருதுகிறோம்.

இனி, பலரும் அறியாத செய்தி. கட்டாயக் காப்பீடு மட்டும் உள்ள இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவர் அதன் பாதுகாப்புக்குள் வரமாட்டார் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தக் காரில் கட்டணமின்றி ஏறிச்செல்வோர்க்கும் இதே நிலைதான். குழந்தைகளும் வயதான தாயாரும் பின்னிருக்கையில் அமர்ந்திருக்க, அத்தாளை நம்பி வேளாங்கண்ணிக்குப் புறப்படும் தகப்பன்மார் இதைச் சிந்திக்கவேண்டும். முழுக் காப்பீடு எனப்படும் பேக்கேஜ் பாலிசி எடுத்திருந்தால் அவர்களும் அதில் அடங்குவர் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் தெளிவுபடுத்தியது.

முழுக் காப்பீடு காரின் சேதத்துக்கும் திருட்டுக்கும் தீ, வெள்ளம் முதலியவற்றுக்கும் பொருந்தும். ஆனால் வாங்கிய விலை முழுவதும் கிடைக்குமென்று எண்ணவேண்டாம். நாலாண்டு கடந்த காரின் மதிப்பைப் பாதியாகவே கொள்வார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாதிதான். வெள்ளத்தில் நின்ற காரை முடுக்கிப் பார்த்து இயந்திரம் பழுதானால், அதற்கெனத் தனிக் காப்பு எடுக்காதவர்க்கு நிறுவனம் கைவிரிக்கக்கூடும். மஞ்சள் பலகையில்லாத சொந்தக் காரைத் திருவிழாக் காலத்தில் வாடகைக்கு விடுவோர்க்கும் அப்படியே. டீசல் காசுதானே வாங்கினோம் என்பது விபத்துக்குப் பின் எடுபடுமா என்பது ஐயமே.

பழைய கார் வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி தானாகவே புதியவரைச் சேரும். காரின் சொந்தச் சேதத்துக்கான காப்போ சேராது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் ஆபத்து இதனினும் பெரிது. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விற்றுப் பல ஆண்டுகள் ஆயினும், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறாதிருந்தால், எங்கோ எவரோ செய்த விபத்துக்கான அழைப்பாணை பழைய உரிமையாளரின் வீட்டுக்கே வரும். அப்படி விற்ற வண்டி ஏதேனும் உங்கள் வீட்டாருக்கு இருக்குமாயின், பெயர் மாறியிருக்கிறதா என்று இவ்வாரமே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறியுங்கள்.